நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது

மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, கடுப்பு. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். அவரை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் ஒரு வீட்டில் சாப்பிடும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால், எல்லா மனிதர்களையும் போல "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் முழித்துக்கொண்டு நிற்கிறேன். கேட்டவர்கள் முகம் சுருங்கிப் போகிறது. இந்தப் பாவம் யாரைச் சேரும்? மேடத்தைத்தான்.

சிங்கப்பூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் விஞ்ஞானி. நான் அவருடைய உதவியாளர். திருச்சியில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேச்சில் 'ஆமாம்' என்பதற்கு வரும் 'ஓம்' மட்டும் யாழ்ப்பாணம், கடைசியில் ஒட்டும் 'லா' உட்பட மிச்சமெல்லாம் சிங்கப்பூர். உணவை மனித நாக்காலும் மூக்காலும் அளப்பது அவருடைய துறை. சாம்பாரில் உப்பு எவ்வளவு என்று எந்திரம் சொல்லிவிடும். அது கரிக்கிறதா என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஆட்களைச் சேர்த்து, பழக்கி, சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்துக் கேட்பார். அந்தக் குழுவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பேனல்.

முதல் நாளே என் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு மேடம்."

"நான் அதைக் கேக்கலையே."

பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். வேறு எதைக் கேட்டார் இந்த அம்மா?

"உனக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு நான் கேக்கல. வாயில என்ன நடக்குதுன்னு கேட்டேன். முதல்ல என்ன வந்துச்சு? பின்னாடி என்ன நின்னுச்சு? பல்லுல ஒட்டுதா? நல்லா இருக்குன்னு சொன்னா பேச்சு முடிஞ்சு போச்சு லா. அப்புறம் நான் என்னத்தை எழுதறது?"

அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் அறையில் தடை. கெட்டது என்பதும் தடை. சுமார், பரவாயில்லை, அபாரம், குப்பை எல்லாமே தடை. மிஞ்சியது புளிப்பு, கசப்பு, காறல், கமறல், மொறுமொறுப்பு, வழவழப்பு மாதிரியான வார்த்தைகள்தான். அவற்றையும் சும்மா சொல்லிவிட முடியாது. எவ்வளவு என்று கோட்டில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும்.

தடை எங்கள் அறையோடு நின்றிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? சிரங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு என்னோடு வந்திருந்தார். பெண்ணின் அப்பா ஒவ்வொரு இலையாக வந்து குனிந்து, "சாப்பாடு எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மனிதன், பாவம், சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார். மேடம் உண்மையிலேயே யோசித்தார். யோசித்துவிட்டு, "சாம்பார்ல பெருங்காயம் ரொம்ப நேரம் நிக்குது. பருப்பு உள்ளே இன்னும் மாவா இருக்கு" என்றார். அந்த மனிதர் சிரிக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றார். எனக்கு இலையோடு சேர்ந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! வத்தக்குழம்பு, அப்பளம், அவியல் என்று விடியலிலிருந்து அடுப்படியில் நின்றேன். வந்தார், உட்கார்ந்தார், மறுபடி மறுபடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடைசியில் குழம்புச் சட்டியையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சரி, இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வருமென்று கரண்டியோடு காத்திருந்தேன். "மிளகாய்த்தூள் பச்சை வாடை கொஞ்சம் நிக்குது. சுண்டக்காய் கசப்பு அதை மூடப் பார்க்குது" என்றார். என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மிச்சக் குழம்பை மேடத்துக்குக் கட்டிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

வெள்ளிக்கிழமை தலையில் பூ வைக்காதே என்று எனக்குச் சொன்ன முதல் ஆளும் அவர்தான். பேனல் நடக்கிற நாளில் மல்லிகை கூடாது, தேங்காய் எண்ணெய் கூடாது, சென்ட் கூடாது. வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். "உன் வாசம் அவங்க கிண்ணத்துக்குள்ள போயிரும்" என்பார். அவரிடம் எந்த வாசமும் கிடையாது. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும், தூக்கிவாரிப்போடும்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் மத்தியானச் சோறு வந்து சேர்ந்தது.

கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்டரிங் சாப்பாடு வரும். காலைப் பலகாரமும் மத்தியானச் சோறும் விடியுமுன்பே ஒன்றாகச் சமைத்து, பொட்டலம் கட்டி, விடுதி வாசலில் வைத்துவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுவார்கள். இந்த ஊர் வெயிலில், புழுக்கத்தில், சோறும் சாம்பாரும் மத்தியானம் வரை பையில் கிடக்கும். மத்தியானச் சோற்றைத் தனியாகச் சமைத்துத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லலாமா என்று முடிவெடுக்க ஒரு குழு அமைந்தது. சில மணி நேரத்தில் சாப்பாடு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை மேடத்திடம் கொடுத்தார்கள்.

"பொட்டலத்தைப் பிரிச்சா நாத்தம் வீட்டுக் கூரையைத் தூக்குது. இதுக்கு எதுக்கு மேடம் ஆராய்ச்சி?" என்றேன்.

"கிருமி டெஸ்ட்ல அது பாஸ். காய்ச்சல் வராது, வயித்தால போகாது. ஆனா வாயில வைக்க முடியல. அதை எந்த மெஷினும் சொல்லாது. சாப்பிடறவங்கதான் சொல்லணும்." அவர் கண்ணில் அன்று ஒரு வெறி தெரிந்தது. "சரியா சொல்லிட்டா, அவங்களுக்கு மத்தியானம் சூடான சோறு வரும்" என்றார்.

அந்தச் சூடான சோறுதான் குறி. அவருக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் நம் ஊர்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் வருவார்கள். அங்கே டன்லப் தெருவில் ஒரு மளிகைக்கடை மாடியை வாடகைக்கு எடுத்தோம். அட்டையால் தடுப்புக் கட்டி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் உட்கார வைத்து, சோற்றின் நிறம் தெரியாதபடி சிவப்பு விளக்குப் போட்டேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஓர் எண், நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர், துப்ப ஒரு கோப்பை. எல்லாம் சரி. ஆட்கள் வந்தார்கள் பாருங்கள்! ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, முகத்தில் பவுடர், நெற்றியில் சந்தனம், அக்குளிலிருந்து சட்டைக் காலர் வரை சென்ட். மாடி முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி மணத்தது. மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டார். இருந்தாலும் கூப்பிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். இது பிடித்திருக்கிறதா, எவ்வளவு பிடித்திருக்கிறது? சுவை பார்க்கப் பயிற்சி இல்லாதவர்களிடம் அதைக் கேட்கலாம், துறையில் அதற்கு இடம் உண்டு.

காலையில் கட்டி மத்தியானம் வரை வெளியே வைத்திருந்த அதே சோறுதான். எல்லாரும் போட்டிருந்தார்கள், மிகவும் பிடித்திருக்கிறது. ஒருவர் பாக்கி இல்லை! துப்பச் சொன்ன கோப்பைகள் காலியாக இருந்தன. கிண்ணங்களும் காலி. இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று வேறு கேட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர்களில் மூத்தவர் முருகேசண்ணன், மன்னார்குடிப் பக்கம், கம்பி கட்டுகிற வேலை. மாடிப்படியில் அவரைப் பிடித்தேன். "என்னண்ணே இது? இந்தச் சோத்தையா ரொம்பப் பிடிச்சிருக்குன்னு போட்டீங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்றோம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னக்கா பேசறீங்க? மேடம் லீவு நாள்ல நமக்காகச் சமைச்சு, கிண்ணத்துல போட்டு, கையில கொண்டாந்து குடுக்கறாங்க. அதைப் போய் கெட்டுப் போச்சுன்னு சொல்வாங்களா? சோறு போட்டவங்க முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராதுக்கா."

மேடம் சமைத்தது என்று நினைத்துவிட்டார்கள்! வெள்ளைக் கோட்டுப் போட்டு, தட்டில் கிண்ணங்களை அடுக்கி, ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தது அவர்தானே. பரிமாறுகிற கைதான் சமைத்த கை என்பது நம் கணக்கு. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேடம் வாழ்நாள் முழுக்க யாரிடமிருந்தும் வாங்க மறுத்த வார்த்தையை ஒரு மாடி நிறைய ஆட்கள் அவருக்கு அன்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில் மேடத்தைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். அவர் கோபப்படவில்லை. வேறு விடுதி ஆட்களைக் கூப்பிட்டு, வேறு யாரையோ பரிமாறவிட்டும் பார்த்தார். அதே பதில்தான். பிறகு, பிடித்திருக்கிறதா என்ற கேள்வியையே தூக்கிப் போட்டார். முருகேசண்ணன் குழுவை மறுபடி அழைத்து, மூன்று மூன்று கிண்ணமாக வைத்தார். இரண்டில் ஒரே சோறு, ஒன்றில் வேறு. "நல்லதா கெட்டதான்னு சொல்ல வேணாம். யார் சமைச்சாங்கன்னும் யோசிக்க வேணாம். எது தனி ஆளுன்னு மட்டும் காட்டுங்க" என்றார். பவுடரும் சென்ட்டும் இல்லாமல் வந்து உட்கார்ந்தவர்கள் டக் டக்கென்று எடுத்து நீட்டினார்கள். புதிதாக வடித்த சோற்றுக்கு நடுவில் ஒளித்து வைத்த, மத்தியானம் வரை கிடந்த சோறு ஒருவரிடமும் தப்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள். மூடிய கிண்ணத்தைத் திறந்து முகரச் சொல்லி, "இந்த வாடைக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்பார் மேடம்.

"ஊசிப்போச்சு மேடம்."

"போடா, இது எங்கடா ஊசுச்சு? ஊசினா தொட்டா நூல் வரும். இது சளிச்ச வாடை."

"சளிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வரும்ணே. சோத்துல ஒரு நொசநொசப்பு."

"ஓம், ஓம், அது என்ன நொசநொசப்பு? கையில தெரியுதா, நாக்குல தெரியுதா?"

ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மாதிரிக் கிண்ணம் வைத்து, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த வார்த்தைக்குப் போவார். கடைசியில், மூடியைத் திறந்ததும் எத்தனை மணி வரை கிடந்தது என்று கண்டுபிடித்து, "இது பதினோரு மணிச் சோறு மேடம்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரியாக இருந்தால் மேடம் மேசையைத் தட்டிக் குதிப்பார். பாராட்ட மட்டும் மாட்டார். அடுத்த கிண்ணத்தை நகர்த்துவார்.

முடிவெடுக்கும் குழுவின் கூட்டம் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் அழகாகத்தான் விளக்கினார். எத்தனை மணிக்குப் புளிப்பு ஏறுகிறது, எப்போது நொசநொசப்பு வருகிறது, சளிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கோடாகக் காட்டினார். தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டர், எனக்கு ஒரு வார்த்தை போதும். மத்தியானம் அந்தச் சோறு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.

சொல்லுங்கள் மேடம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

மேடம் சொன்னார், "அந்தக் கேள்விக்கு இந்தப் பேனல் பதில் சொல்லாது. பயிற்சி பெற்றவர்களிடம் நல்லதா கெட்டதா என்று கேட்கக் கூடாது. அவர்கள் என்ன இருக்கிறது என்று மட்டுமே சொல்வார்கள்."

"சரி, பயிற்சி இல்லாதவர்கள் என்ன சொன்னார்கள்?"

கேட்டரிங்காரர்கள் சார்பில் வந்திருந்தவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அது மேடத்தின் அறிக்கையிலேயே பின்னிணைப்பில் இருக்கிறதே என்றார். முதல் ஞாயிறு, எல்லாரும் மிகவும் பிடித்திருக்கிறது. அடுத்த விடுதியிலும் அதே. அந்தப் பதில்களை நம்ப முடியாது, ஏன் என்றும் மேடம் எழுதித்தான் இருந்தார். யார் அதைப் படித்தார்கள்? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் எத்தனை முறை தலைபாடாக அடித்துக்கொண்டேன்! "நடந்ததை விட்டுட்டு எழுதினா அது என் வேலை இல்ல" என்றுவிட்டார்.

தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "சார், பிரிச்சா நாறுது. நானே முகர்ந்து பார்த்திருக்கேன். மனுஷன் சாப்பிட முடியாது சார்" என்று ஆங்கிலத்தில் கத்தியேவிட்டேன்.

மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவரிடம், "இவர் பேனலில் இல்லை. இவர் சொன்னதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்" என்றார்.

சாப்பிடுகிறவர்கள் திருப்தியாகவே இருப்பதாகத் தெரிகிறது, இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை என்று முடிவானது. மேடம் மறுபடி மனுப் போட்டார். நான் அங்கே இருந்தவரை அதற்குப் பதில் வரவில்லை.

அன்று எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் வரை அவருக்கு முன்னால் விடுவிடென்று நடந்தேன். பிளாட்பாரத்தில் வெடித்துவிட்டேன். "ஒரு வார்த்தை மேடம்! கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

"சொல்லியிருந்தா, அடுத்த மாசம் இன்னொருத்தர் வந்து நல்லதுன்னு சொல்வார். ரெண்டுக்கும் ஒரே மதிப்புதான்."

"அந்த ஒரு மாசமாவது அவங்க சூடா சாப்பிட்டிருப்பாங்களே!"

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. வந்த ரயிலில் நாங்கள் வேறு வேறு பெட்டியில் ஏறினோம்.

முடிவைச் சொல்ல என்னைத்தான் அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவரே ஞாயிற்றுக்கிழமை டன்லப் தெரு மாடிக்கு வந்தார். கிண்ணம் இல்லை, விளக்கு இல்லை. எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் நின்றுகொண்டு பேசினார்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எல்லாமே சரி. அவங்ககிட்ட என்னால சரியா கொண்டுபோய்ச் சேர்க்க முடியல. சோறு மாறாது."

முருகேசண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவால்ல மேடம். நீங்க இவ்வளவு தூரம் பண்ணதே பெருசு. நீங்க சாப்பிட்டீங்களா?"

மேடம் தலையை ஆட்டினார். சாப்பிட்டேன் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? தப்பா நெனைக்காதீங்க" என்றார் அவர். குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. ஏதோ கை மருந்து கேட்கிற மாதிரிதான் கேட்டார். "முன்னாடியெல்லாம் பொட்டலத்தைப் பிரிச்சா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஊறுகாயைப் போட்டுப் பிசைஞ்சு, பேசிக்கிட்டே முழுங்கிருவோம். ஒண்ணும் தெரியாது. இப்ப ஒவ்வொண்ணா தெரியுது மேடம். இது நொசநொசப்பு, இது சளிப்பு, இது பதினோரு மணின்னு நாக்கு தன்னால சொல்லுது. சோறு இறங்க மாட்டேங்குது. பாதி பேரு கொட்டிட்டு வெறும் வயித்தோட வேலைக்கு ஏறுறானுங்க. பழக்கிவிட்டீங்கல்ல, அதே மாதிரி இதை மறக்கறதுக்கும் ஏதாச்சும் பழக்கம் இருந்தா சொல்லிக் குடுங்க மேடம்."

எந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்த மனுஷி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இல்ல," என்றார். "அதுக்கு ஒண்ணும் இல்ல."